நேராக நின்ற ஸ்டீயரிங்

அந்த வருஷம் ஜோர்டானின் ஸர்காவில் முதல் மழை, கத்தரிக்காய் ஊறப்போடும் நாட்களிலேயே வந்துவிட்டது. எங்கள் கட்டடப் படிக்கட்டில் ஒவ்வொரு வாசலிலும், அவித்து உப்பு வைத்த குட்டிக் கத்தரிக்காய்கள் சல்லடையில் கவிழ்ந்து, தலைமேல் கல் சுமந்து, தண்ணீர் வடியக் கிடந்தன. சாரல் அடித்ததும் பெண்கள் கதவைத் திறந்து சல்லடைகளை உள்ளே இழுத்தார்கள். கீழ்வீட்டில் மட்டும் இழுத்தது ஓர் ஆண்.

ஹிக்மத் என்று பெயர். மூத்த மகன் பெயரைச் சேர்த்து அபூ நாயிஃப் என்றுதான் கூப்பிடுவோம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது வீட்டில் இருந்தார். சமையல், துணி துவைப்பது, கத்தரிக்காயின் வயிற்றைக் கீறி வால்நட்டும் பூண்டும் மிளகாயும் அடைத்து ஆலிவ் எண்ணெயில் மூழ்கவிடுவது, எல்லாம் அவர் வேலை. பெரிய ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகள், சுண்டுவிரல் நீளக் கத்தரிக்காயை உடையாமல் கீறுவதை நான் படியில் நின்று பார்த்திருக்கிறேன். தெருவில் முதலில் சிரித்தார்கள். அவர் போட்ட அந்தக் கத்தரிக்காய் ஊறுகாய், மக்தூஸ், ஒரு குப்பி கையில் கிடைத்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

சம்பாத்தியம் அவர் மனைவி உம்மு நாயிஃபுடையது. இன்ஸாஃப் என்ற அந்தப் பெயரை அவள் அக்கா மட்டும்தான் சொல்வாள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருபவள். மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், கல்யாண உடுப்பு தைக்கும் பத்ரிய்யா, இன்னும் சிலபேர் அவளிடம் படித்தோம். அவளுடைய சாம்பல் நிறக் கார் அப்போதே பழசு. கதவை மூடினால் இரண்டு தடவை மூட வேண்டும். இருக்கையில் பத்ரிய்யா தைத்துப்போட்ட பூப்போட்ட உறை. ஆனால் என்ஜின் சத்தம் ஒரே சீராக இருக்கும். காலையில் அதைத் துடைக்கும்போது உம்மு நாயிஃப் ஏதோ பாட்டு முனகுவாள். இன்றைக்கு அம்மானில் நெரிசலில் என் வண்டி நிற்கும்போதெல்லாம் என்னையறியாமல் நான் முனகுவது அந்தப் பாட்டைத்தான். வார்த்தைகள் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அபூ நாயிஃப் ஓட்டுவதை விட்ட கதை தெருவுக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அஸ்ரக் சாலை வளைவில் மணற்காற்று. எதிரே ஒன்றும் தெரியாமல் டேங்கர் சாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி சப்ரி போய்விட்டான். அவர்மேல் தப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. பெரியவர்கள் கூடி சமாதானம் பேசினார்கள். சப்ரியின் அண்ணன் அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்தான். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் மட்டும் அதன்பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. மனைவியின் வண்டியில் போனால்கூடப் பின் இருக்கையில்தான். கண் சாலைக்குப் போகாது, தன் முழங்காலையே பார்த்தபடி வருவார். சப்ரி என்ற பெயரையும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

மழை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று உம்மு நாயிஃப் ஒரு துக்க வீட்டுக்காக அக்காவோடு அக்காவின் காரில் ஸல்த் ஊருக்குப் போயிருந்தாள். மறுநாள் எனக்கும் பத்ரிய்யாவுக்கும் பாடம். செவ்வாய்க்கிழமை எங்கள் இருவருக்கும் ஓட்டுநர் தேர்வு.

வண்டியைக் கிளப்பியதும் உம்மு நாயிஃப் முகம் சுளித்தாள். "இந்தக் கடிகாரத்துக்கு என்னாச்சு? காலைல போய் நடுராத்திரிங்குது." முள்ளைத் திருகுவதுபோல் பொத்தானை அழுத்தி நேரத்தைச் சரிசெய்தாள். "பேட்டரிக்கும் வயசாயிடுச்சு போல."

நான் ஓட்டினேன். தெருக்களில் ஒன்றுமில்லை. பெரிய சாலைக்கு வந்து நேராகக் கொஞ்ச தூரம் போனதும் டேஷ்போர்டில் மஞ்சளாய் ஒன்று எரிந்தது. ஸ்டீயரிங் வட்டமும் பக்கத்தில் ஆச்சரியக்குறியும்.

"ஓரமா நிறுத்து," என்றாள். அணைத்துத் திரும்பக் கிளப்பினாள். விளக்கு போயிற்று. மறுபடி நேராகக் கொஞ்ச தூரம், மறுபடி மஞ்சள்.

மாலைக்குள் பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் ஒருவன் பழுது காட்டும் கருவியைச் செருகி, "ஸ்டீயரிங் சென்சார்" என்று சொல்லி எச்சரிக்கையை அழித்துவிட்டான். ரவுண்டானா தாண்டுவதற்குள் திரும்ப வந்துவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியைத் தேர்வு மைதானத்துக்குள் விடமாட்டார்கள். அவளிடம் வேறு வண்டி இல்லை. அதிகாரி ஒருதரம் திருப்பி அனுப்பிவிட்டால், விஷயம் பரவி வரப்போகிற பெண்களும் வேறு இடம் பார்ப்பார்கள். எனக்கு ஒரு தேர்வுதான் போகும். அவளுக்கு அடுப்பே போகும்.

அவளுடைய பயமெல்லாம் பத்ரிய்யா தலையில் விடிந்தது. வியாழக்கிழமை பாடத்தில் பத்ரிய்யா பின்சக்கரத்தை நடைபாதைக் கல்லில் லேசாக உரசியிருந்தாள்.

"மெதுவா ஒடி, மெதுவா ஒடின்னு தொண்ட கிழியக் கத்தறேன். மாவு பெசையற மாதிரி ஸ்டீயரிங்கப் போட்டு முறுக்கற! இப்பப் பாரு!"

அபூ நாயிஃபின் சமையலறை மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம். பருப்பு சூப்பின் ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்தது. எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்த பத்ரிய்யாவின் கை நின்றது.

"யா உம்மு நாயிஃப், ஒரு சின்ன உரசல். பின்சக்கரம். அதுக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம்? என் தையல் மெஷின்ல பெடல் கெட்டா ஊசியவா திட்டுவாங்க?"

"வாய் மட்டும் கோணாம நேரா ஓடுது உனக்கு!"

"சரி, நான் வரல. நான் வண்டியே ஓட்டல. சாகறவரைக்கும் எங்க அண்ணனக் கெஞ்சிக் கெஞ்சித் துணியத் தூக்கிட்டு அலையறேன்." கண்ணில் தண்ணீர் முட்டியது. எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவள் அழுதால் பார்ப்பவர்களுக்குக் கை கால் ஓடாது.

அபூ நாயிஃப் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார், "விடு, உம்மு நாயிஃப். அவ மேல தப்பு இருக்காது. வண்டி பழசு."

"உங்களுக்கென்ன தெரியும்? நீங்க வண்டியத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

அவர் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சூப் அடிப்பிடிக்கும்வரை சுற்றினார். அவர் சமையலில் எதுவும் அடிப்பிடித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அஸ்லானிடம் போனோம். கார் பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தப் பகுதியை மழைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும். டீசலும் ஈர மண்ணும் வெல்டிங் புகையும் கலந்து ஒரு வாசனை. டயர் கடைக்காரன் நெருப்பு மூட்டிக் கை காய்ச்சுவான். எள் ஒட்டிய வட்ட ரொட்டியைத் தலையில் அடுக்கி ஒருவன் சேற்றுக்குள் கூவிக்கொண்டு போவான். அஸ்லான் அங்கே பழைய கை. டேங்கர்களின் ஒயரிங் வேலைக்காக ஒரு காலத்தில் அபூ நாயிஃபும் அவனும் தினம் பார்த்துக்கொண்டவர்கள்.

கிளம்பும்போது அபூ நாயிஃப் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "நானும் வரேன்."

உம்மு நாயிஃப் ஆச்சரியமாய்ப் பார்த்தாள். "பட்டறைக்கா? நீங்களா?"

"வரேன்னு சொன்னேன்ல."

பத்ரிய்யாவை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தேன். பின் இருக்கையில் அபூ நாயிஃப் ஒரு கதவோரம், அவள் மறு கதவோரம், நடுவில் நான்.

அஸ்லான் அபூ நாயிஃபைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரை எறிந்துவிட்டு வந்து கட்டிக்கொண்டான். "உயிரோட இருக்கியாடா? உன் மக்தூஸ் மட்டும்தான் என்னத் தேடி வரும், நீ வரமாட்ட!" அப்புறம் கருவியைச் செருகி, வண்டியை மட்டமான தரையில் நிறுத்தச் சொன்னான். ஸ்டீயரிங் நேராக நின்றது. அவன் திரையைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தான்.

"உம்மு நாயிஃப், இது நேராத்தானே நிக்குது?"

"கண்ணு தெரியலயா? நேராத்தான்."

"உள்ள இருக்கற சென்சார் நேரா இல்லங்குது. எடப்பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்லுது. சாலைல வண்டி நேரா ஓடுது, சக்கரமும் அதத்தான் சொல்லுது. இது மட்டும் 'திரும்பிட்டிருக்கோம், திரும்பிட்டிருக்கோம்'னு கத்துது. ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகலன்னதும் விளக்கப் போட்டுடுது."

"அப்ப சென்சார் போச்சா?"

"அப்படித்தான் சொல்லி மாத்திவிடுவாங்க. இரு, பாத்துடலாம்."

ஸ்டீயரிங்கை மெல்ல ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பினான். திரையில் எண் தாவாமல் குதிக்காமல் கூடவே ஏறி இறங்கியது. "சென்சார் நல்லாருக்கு. பொய் சொல்லல." வண்டியைத் தூக்கி அடியில் புகுந்தான். முன்பக்கம் இடது சக்கரத்தைக் கையால் தடவினான். விளக்கைப் பிடித்தான். "சக்கரத்தத் திருப்பற டை ராட் வளைஞ்சிருக்கு. ரிம்மோட உள்பக்கம் புது அடி. நல்லாக் கல்லுல ஏறியிருக்கு. முன்சக்கரம்."

பத்ரிய்யா துள்ளினாள். "முன்சக்கரமா? கேட்டியா உம்மு நாயிஃப்? நான் உரசுனது பின்சக்கரம். எல்லாரும் கேட்டுக்குங்க, டயர் கடைக்காரரே, நீங்களும் கேட்டுக்குங்க!"

உம்மு நாயிஃப் அவளைக் கவனிக்கவில்லை. "இரு அஸ்லான். டை ராட் வளைஞ்சா ஸ்டீயரிங் கோணித்தானே நிக்கணும்? அத நேரா வெச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கணுமே? என்னோடது நேரா நிக்குது. வண்டியும் நேராப் போகுது."

அஸ்லான் கீழிருந்து எழுந்து வந்தான். பேட்டரியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டீயரிங் நடுவிலிருந்த ஏர்பேக் மூடியை நிதானமாக எடுத்தான். உள்ளே பெரிய நட்டு ஒன்று. அதன்மேலும் தண்டின்மேலும் தொழிற்சாலையில் இழுத்த வெள்ளைக் கோடு இருந்தது. இரண்டு கோடும் சேர்ந்து ஒரே கோடாக இருக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று விலகியிருந்தது. நட்டின் முனையில் ஸ்பேனர் பட்டுப் பளபளத்தது.

"இத யாரோ கழட்டியிருக்காங்க," என்றான். "கல்லுல மோதி ஸ்டீயரிங் கோணிப்போச்சு. வட்டத்த மட்டும் கழட்டி, தண்டுல ஒரு பல்லு தள்ளி நேரா மாட்டியிருக்காங்க. பாக்கற கண்ணுக்கு நேரா இருக்கு. அடியில இருக்கற சென்சார் தண்டோட ஒட்டிக்கிட்டிருக்கு, அத ஏமாத்த முடியல."

"யாரு கழட்டினது? எந்தத் திருட்டுப்பய என் வண்டியத் தொட்டான்?"

"திருடன் இல்ல. வேல தெரிஞ்ச கை. பேட்டரியக் கழட்டிட்டுத்தான் தொட்டிருக்கு. இல்லன்னா ஏர்பேக் விளக்கும் எரிஞ்சிருக்கும்."

பேட்டரி என்றதும் கடிகாரம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது. அஸ்லான் ஏர்பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே நின்றான். நிமிர்ந்தால் யாரைப் பார்க்க வேண்டியிருக்குமோ அவரைப் பார்க்காமல் இருப்பதற்காக.

"நான்தான்," என்றார் அபூ நாயிஃப்.

பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழம மழ பெய்யறப்ப கண்ணாடி ஒன்னு தொறந்து கெடந்துச்சு. சீட்டெல்லாம் நனையுது. சாவியப் போட்டாத்தானே ஏறும்? உக்காந்தேன். போட்டேன். கண்ணாடி ஏறிடுச்சு." நிறுத்தினார். "எறங்கியிருக்கலாம். வைப்பர் ஓடிட்டிருந்துச்சு. அந்தச் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு. கை தானாப் போயிடுச்சு. தெருக்கோடி வரைக்கும்தான்னு போனேன். அப்புறம் ரவுண்டானா வரைக்கும்."

"தனியாவா?" என்றாள் உம்மு நாயிஃப்.

"தனியாத்தான். நல்லாத்தான் போச்சு. ரவுண்டானால எதிர்ல ஒரு டேங்கர் வந்துச்சு. பயந்து ஓரமா ஒடிச்சேன். கல்லுல ஏத்திட்டேன்."

பத்ரிய்யா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்ன மன்னிச்சிடும்மா. நேத்தே சொல்லியிருக்கணும். நீ அழுறதப் பாத்துக்கிட்டு சூப்பக் கிண்டிட்டிருந்தேன்."

"அய்யோ, விடுங்க அபூ நாயிஃப்," என்றாள் அவள் அவசரமாக. "நான் எதுக்கெடுத்தாலும் அழுவேன்."

உம்மு நாயிஃப் அவர் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. "கல்லுல ஏத்தினது போகட்டும். வண்டி போகட்டும். எங்கிட்ட ஏன் மறைச்சீங்க? நான் திட்டுவேன்னா? இத்தன வருஷத்துல இதுக்காக ஒரு வார்த்த உங்களத் திட்டியிருக்கனா?"

"திட்டியிருந்தா பரவால்ல." அவர் தன் சட்டையைப் பார்த்தபடி சொன்னார். "நீ சந்தோஷப்பட்டுடுவியோன்னுதான் பயந்தேன். ஓட்டிட்டாரு, இனி ஓட்டுவாருன்னு நாயிஃபுக்குப் போன் பண்ணுவ. அக்காகிட்டச் சொல்லுவ. மறுநாள் சாவிய எங்கிட்ட நீட்டுவ. என்னால முடியாமப் போனா? அத உன் மொகத்துல பாக்கணுமே."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாவி நீட்ட மாட்டேன்," என்றாள். "யாருக்கும் போன் பண்ண மாட்டேன். அக்காவுக்கு மட்டும் பண்ணிக்கறேனே?"

அஸ்லான் வெடித்துச் சிரித்துவிட்டான். அதில் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையிலிருந்து ஒரு டை ராட் வந்தது. அதை மாற்றுவதற்குள் ஸேஜ் இலை போட்ட தேநீர் இரண்டு சுற்று ஆயிற்று. ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பழைய பல்லில் மாட்டி, வெள்ளைக் கோடுகளைச் சேர்த்து வைத்தான். சக்கரங்களை நேர்ப்படுத்தினான். நட்டை இறுக்கும்போது, "நீயே இறுக்கறியா?" என்று அபூ நாயிஃபைக் கேட்டான். அவர் இறுக்கினார். அந்த ஒரு நிமிஷம் அவருடைய கைகளுக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

"விளக்கு இன்னும் எரியுதே," என்றேன்.

"சென்சார் தன் நடுவக் கத்துக்கணும். நேர் சாலைல, வேகமா, திருப்பாம கொஞ்ச தூரம் ஓட்டணும். தானா அணையும். அஸ்ரக் சாலைதான் அதுக்கு லாயக்கு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அஸ்லானுக்கு உறைத்தது. "வேற சாலைல கூட..."

"அந்தச் சாலைதான் நேராப் போகும்," என்றார் அபூ நாயிஃப்.

உம்மு நாயிஃப் சொன்னபடியே சாவியை நீட்டவில்லை. ஓட்டுநர் இருக்கையில் தானே உட்கார்ந்து ஊரைத் தாண்டினாள். அபூ நாயிஃப் அன்று முன் இருக்கையில் உட்கார்ந்தார். கடைசி வீடுகள் முடிந்து இருபுறமும் கருங்கல் வெளி தொடங்குமிடத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினாள். "இந்தச் செருப்புல சேறு, பெடல் வழுக்குது," என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். பத்ரிய்யா என் தொடையைக் கிள்ளினாள்.

அவர் வெகுநேரம் அசையவில்லை. பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் ஏறிக்கொண்டாள். பயிற்சி வண்டி என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வலது காலை அதன்மேல் வைத்துக்கொண்டு, பாடத்தின் முதல்நாளில் எங்களிடம் பேசிய அதே குரலில் ஆரம்பித்தாள். "சீட்டச் சரி பண்ணுங்க. கண்ணாடி பாருங்க. பெல்ட். பெல்ட்டு போடாம என் வண்டிய யாரும் நகர்த்தக்கூடாது."

"இந்த பெல்ட்ட வாங்கிக்குடுத்ததே நான்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

வண்டி நகர்ந்தது. முதலில் ஊர்ந்தது. எங்களைக் கழுதை வண்டிகூட முந்தும் போலிருந்தது. "இப்படியே போனா செவ்வாய்க்கிழம தேர்வுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்," என்றாள் பத்ரிய்யா. அபூ நாயிஃபின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. வேகம் ஏறியது. எதிரில் டேங்கர் ஒன்று வந்தது. உம்மு நாயிஃபின் கால் பிரேக்மேல் விறைத்ததைப் பார்த்தேன். டேங்கர் காற்றை அடித்துவிட்டுக் கடந்துபோனது. ஸ்டீயரிங் அசையவில்லை.

விளக்கு எப்போது அணைந்தது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. பத்ரிய்யாதான் முதலில் கவனித்து வாயைத் திறந்தாள். உம்மு நாயிஃப் திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டி அவள் முழங்காலை அழுத்தினாள்.

பெட்ரோல் பங்க் வந்தது. திரும்புவதற்கான இடம். "போதுமா?" என்று அவர் கேட்டார்.

"உங்க இஷ்டம்."

அவர் திரும்பவில்லை. அதற்கப்பால்தான் அந்த வளைவு என்று எனக்கே தெரியும். மழையில் கழுவின கற்கள் கறுப்பாய் மின்னிக்கொண்டிருந்தன. வளைவு நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தார். உதடு அசைந்தது, ஏதோ ஓதினார். பிறகு ஸ்டீயரிங்கை மெதுவாக, ஒரே சீராக ஒடித்து, வளைவைக் கடந்து, மறுபடி நேர்ச்சாலைக்கு வந்தார்.

"சப்ரிப்பய எப்பவும் இந்த எடத்துலதான் தூங்குவான்," என்றார். "பேசிக்கிட்டே இருப்பான். வளைவு தாண்டுனதும் கொறட்ட. தேத்தண்ணிக் குவளைய மட்டும் கீழ விடமாட்டான்."

செவ்வாய்க்கிழமை பத்ரிய்யா பின்பக்கமாய் நிறுத்துவதில் தோற்றாள், அடுத்த தடவை தேறினாள். நான் அன்றே தேறினேன். அபூ நாயிஃப் டேங்கருக்குத் திரும்பவில்லை, சந்தைக்கும் மகனைப் பார்க்க அகபாவுக்கும் தானே ஓட்டிப்போனார். அதெல்லாம் பிறகு. அன்று அந்தச் சாலையில் அவர் சப்ரியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். சப்ரியின் கோழிகள், சப்ரி பெண் பார்க்கப் போன கதை, சப்ரி சீட்டாட்டத்தில் செய்யும் மோசடி. நாங்கள் கேட்டுக்கொண்டே போனோம். மாலை வெயில் பின்கண்ணாடி வழியாக உள்ளே வந்தது.

முன்னால் உம்மு நாயிஃப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.